பெரியவீட்டு முன்சுவர்

அன்றைக்குப் பிரதேச செயலகத்தின் அந்தத் தகரக் கந்தோரில் இருந்தவர்கள் இவர்கள்: பிரதேச செயலாளர் சோபனா, கட்டடப் பொறியியலாளர் ஜெயகாந்த், கணக்காளர் சரிபுதீன், மேசன் கிறகரி, கமக்காரர் அமைப்பின் தலைவர் விசுவலிங்கம். வேறு எவரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றவர்கள். அவர்களைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

பேச்சு, ஊர் விவசாயிகளுக்காகக் கட்டப்படவிருந்த கமநல நிலையத்தைப் பற்றியது. முருங்கனுக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊருக்கு, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அரசாங்கம் கட்டித்தரும் முதல் கல்லுக் கட்டடம் அது. காசும் வந்துவிட்டது. கூடவே கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. இனிக் கட்டும் அரசாங்கக் கட்டடங்கள் பசுமைக் கட்டடங்களாக இருக்கவேண்டும், அதற்கு உரிய சான்றிதழ் எடுக்கவேண்டும், அதைச் சாட்டிச் செலவைக் கூட்டக் கூடாது என்று அதில் இருந்தது. முதல் இரண்டும் ஜெயகாந்துக்குப் பிடித்தன. கடைசி சரிபுதீனுக்குப் பிடித்தது.

ஜெயகாந்த் விளக்கினான். வெயிலைத் தடுத்தால் புள்ளி, மழைத் தண்ணீரைச் சேமித்தால் புள்ளி, மரத்தை வெட்டாமல் விட்டால் புள்ளி. புள்ளிகளைக் கூட்டி வெறும் சான்றிதழ், வெள்ளி, தங்கம் என்று தரம் போடுவார்களாம். அவன் தங்கத்திலிருந்து தொடங்கினான்.

ஆகக் குறைந்தது எது என்று சரிபுதீன் கேட்டார்.

"வெறும் சான்றிதழ் சேர். அதுக்கு ஒரு பேரும் இல்லை."

"அது போதும். வெள்ளியை எடுத்து நாங்கள் என்ன, அடகுவைக்கப் போறமோ?"

செயலாளர் சோபனா இரண்டு பக்கத்தையும் கேட்டார். இலக்கு வெள்ளி, செலவு பழைய மதிப்பீட்டுக்குள் என்று முடிவு சொன்னார். ஜெயகாந்தின் முகமும் சுருங்கியது, சரிபுதீனின் முகமும் சுருங்கியது. ஆகவே அது நியாயமான முடிவு என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஜெயகாந்த் வரைபடத்தை மேசையில் விரித்தான். முதல் வேலையாக அந்தக் காணியில் நிற்கும் பழைய சுவரை இடித்து இடத்தைத் துப்பரவாக்க வேண்டும் என்றான்.

விசுவலிங்கம் எழும்பினார்.

அவர் கூட்டங்களில் எழும்புகிறவர் அல்ல. கதிரையில் முதுகு படாமல் இருப்பார், கடைசியில் நன்றி சொல்வார், போவார். அவர் எழும்பியபடியால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அந்தச் சுவரை இடிக்கக் கூடாது," என்றார்.

"ஏன் ஐயா?"

"அது எங்கட பெரியவீட்டு முன்சுவர்."

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, அவரும் நானும் பிறந்த குடும்பத்துக்கு நல்லது. அது பெரியவீட்டு முன்சுவர் அல்ல. அது மாட்டாஸ்பத்திரிச் சுவர். முந்தி மாதம் ஒருமுறை மன்னாரிலிருந்து மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்ட இடம். விசுவலிங்கத்தின் வீடு அதற்கு அடுத்த காணியில் இருந்தது. மூன்று அறைதான் என்றாலும் ஊரில் முதல் எழும்பிய கல்வீடு என்பதால் பெரியவீடு என்று பெயர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அங்கே ஒன்றும் இல்லை. ஓடு இல்லை, மரம் இல்லை, அத்திவாரக் கல்லைக்கூட யாரோ பதுங்குகுழி கட்டக் கிளப்பிப்போயிருந்தார்கள். எருக்கலை முளைத்த வெறும் மணல். ஊர் முழுக்கப் பார்த்தால் நிமிர்ந்து நின்ற சுவர் ஒன்றே ஒன்று. அது மாடுகளுக்காகக் கட்டப்பட்டது.

அதை அவர் தன் வீடு என்று சொல்ல நேர்ந்தது மகளால்.

தர்ஷிகா அவருக்கு ஒரே பிள்ளை. சண்டை மறுபடி தொடங்கிய வருஷம் புருஷனோடு பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவள், திருச்சிப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தாள். அவள் போன பிறகு, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தாய் பூமணி காய்ச்சலில் போய்விட்டா. விசுவலிங்கம் தனியாக ஊருக்கு வந்து, தகரக் கொட்டில் போட்டு, வயலைத் திருத்தி, தானே சமைத்துச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் எடுப்பாள். வந்துவிடு என்று அவர் சொல்வார். ஒருநாள் அவள் கேட்டாள்.

"அங்க என்ன அப்பா இருக்குது, வாறதுக்கு?"

நான் இருக்கிறன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்து ஆண்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டு முன்சுவர் நிக்குது," என்றார்.

படம் அனுப்பச் சொன்னாள். தோய்த்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, இருந்த ஒரே சுவரின் முன்னால் போய் நின்று, பக்கத்துக் கொட்டில் ஆளைக்கொண்டு ஒரு படம் எடுப்பித்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு அவள் முதலில் அவருடைய சாப்பாட்டை விசாரித்துவிட்டு, "ஓம் அப்பா, பாத்தனான்," என்றாள். அதற்கு அடுத்த கிழமை, ஊருக்குத் திரும்புகிறவர்களின் பதிவில் தங்கள் பெயரையும் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கடுமையான சொல். ஒரு சுவரைப் பற்றிய விவரம் ஒரு காணி தள்ளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மகள் வந்து சேரும்வரைக்கும் அந்தச் சுவர் நிற்கவேண்டும் என்று மட்டும்தான் அவர் நினைத்தார்.

ஆனால் கந்தோரில் கதை வேறு பக்கம் போனது. ஜெயகாந்தின் கண் விரிந்தது. பழைய கட்டடத்தை இடிக்காமல் புதிய கட்டடத்தில் சேர்த்துக்கொண்டால் அதற்கென்று தனிப் புள்ளிகள் உண்டாம்.

"சும்மா கிடைக்கிற புள்ளியோ?" என்று சரிபுதீன் கேட்டார்.

"சும்மா சேர். சீமெந்தும் மிச்சம்."

சரிபுதீன் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். பிறகு கணக்காளர் அல்லவா, ஒரு சந்தேகமும் வந்தது. அது அரசகாணி, அதற்குள் இவர்களுடைய வீட்டுச் சுவர் எப்படி வந்தது என்று விசாரித்தார்.

விசுவலிங்கம் நிமிர்ந்தபடியே, "எங்கட அப்பப்பா அரசாங்கத்துக்குக் குடுத்தவர்," என்றார். "எழுத்தில இல்லை. வாய்ச்சொல்."

அவருடைய அப்பப்பா, அதாவது தகப்பனின் தகப்பன், அமரர் சிவசுப்பிரமணியம், வரப்பில் ஒரு சாண் தள்ளி வேலி போட்டதற்காகச் சொந்த மைத்துனரை மன்னார் கோட்டுக்கு இழுத்தவர். அந்த வழக்குக் காகிதங்களும் மாட்டாஸ்பத்திரிக் காகிதங்களும் சண்டையில் எரிந்துபோனது ஒருவகையில் நல்லதாயிற்று.

செயலாளர் சோபனா எழுந்து நின்று கும்பிட்டார். விசுவலிங்கமும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

அடுத்த கிழமை எல்லாரும் காணிக்குப் போனார்கள். கிறகரி வங்காலையைச் சேர்ந்த மேசன். சுவர்களைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லக்கூடியவர் என்று பேர். அவர் சுவரைத் தட்டவில்லை. முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதித்திருந்த இரும்பு வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னத்துக்கு ஐயா?"

"குதிரை கட்டினது."

"இத்தனை குதிரையோ?"

"வாறவையின்ர குதிரையும் சேத்து."

"வந்தவையெல்லாம் நல்லாக் குனிஞ்சுதான் கட்டியிருப்பினம்," என்றார் கிறகரி. பிறகு சுவரோடு ஓடிய நீளமான தொட்டியைக் காட்டி, "இது?"

"கால் கழுவுற தொட்டி."

"நீட்டுத் தொட்டி."

"பெரிய குடும்பம்," என்றார் விசுவலிங்கம்.

கிறகரி அதற்குமேல் கேட்கவில்லை. பெரிய குடும்பங்களிடம் அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஜெயகாந்த் தொட்டியைக் கண்டு துள்ளினான். கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அதில் பிடிக்கலாம், அதற்கும் புள்ளி. ஆனால் ஒரு சிக்கல். ஒரு சுவரையும் ஒரு தொட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டால் பழையதைப் பயன்படுத்திய கணக்கில் வராது. குறிப்பிட்ட அளவு பழசு வேண்டும். அவன் மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தான். கீழே பழைய சீமெந்து நிலம் வெடிப்பில்லாமல் கிடந்தது. அதையும் அப்படியே கூட்ட மண்டபத்தின் நிலமாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அந்த நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாட்டு மூத்திரம் வழிந்தோடுவதற்காகச் சரிவாகப் போட்ட நிலம் அது. கிறகரி மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு விசுவலிங்கத்தைப் பார்த்தார்.

"அப்பப்பா மாரி காலத்தை யோசிச்சுக் கட்டினவர்," என்றார் விசுவலிங்கம்.

கழுவித் துடைக்கக் குறைந்த தண்ணீரே போதும் என்று ஜெயகாந்த் அதற்கும் ஒரு புள்ளி கண்டுபிடித்தான். கமக்காரர் கதிரையில் இருந்தால் கூட்டம் முடியுமுன் எல்லாரும் வடக்குச் சுவரோடு போய்ச் சேர்ந்துவிடுவார்களே என்று சரிபுதீன் கேட்டார். அப்படியானால் கூட்டங்கள் சுருக்கமாக முடியும் என்று செயலாளர் சொன்னார்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தச் சுவர் மேற்கைப் பார்த்த சுவர். அதை முன்சுவராக வைத்தால் கட்டடம் முழுவதையும் திருப்பவேண்டும். திருப்பினால் பின்னேர வெயில் முழுவதும் முகத்தில் அடிக்கும். மேற்கு வெயிலுக்குப் புள்ளி குறைப்பார்கள். குறைந்ததை எடுக்க அகலமான விறாந்தை போட்டார்கள். விறாந்தையால் செலவு ஏறியது. ஏறியதை இறக்க சரிபுதீன் உட்கூரையை வெட்டினார். உட்கூரை இல்லாததால் சூடு கூடியது. சூட்டைக் குறைக்க ஓட்டுக்கு வெள்ளை அடிப்பது என்றார்கள். வெள்ளைக்குச் செலவு வந்ததும் அவர் வாகனம் நிறுத்தும் கொட்டகையை வெட்டினார். அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தும் இடம் வைத்தால் அதற்குப் புள்ளி தருவார்கள் என்று ஜெயகாந்த் சொன்னான்.

சைக்கிளுக்குப் புள்ளி கிடைக்கும் என்ற செய்தி ஊரில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. அதுவரைக்கும் சைக்கிள் ஓடிய காலத்துப் புள்ளிகளையெல்லாம் யாரிடம் கேட்டு வாங்குவது என்று சிலர் விசாரித்தார்கள்.

கந்தோர் ஆட்கள் வேறுவிதமாகப் பேசினார்கள். ஒரு பழைய மனுஷனின் சுவருக்காக நாங்கள் வெயிலில் வேகவேண்டுமோ என்றார்கள். அந்தப் பேச்சு விசுவலிங்கத்தின் காதில் விழுந்தது. அவர் அடுத்தநாள் வேப்பங்கன்றுகளை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டுபோய், மேற்குப் பக்கம் முழுக்கத் தானே குழி வெட்டி நட்டார். ஆடு கடிக்காமல் தானே முள்ளும் கட்டினார். அதற்கும் புள்ளி கிடைத்தது. செலவு இல்லாத புள்ளி என்பதால், சரிபுதீன் அவருக்குத் தன் கையால் பாலில்லாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்.

பின்னேரங்களில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு விசுவலிங்கம் சுவரடியில் இருப்பார். ஊரில் சொல்வதுபோல அவர் சுவரோடு பேசவில்லை. சும்மா இருந்தார். யன்னல் இருந்த ஓட்டையால் காற்று வரும். பெரியவீட்டில் பூமணி நின்று தெருவைப் பார்க்கும் யன்னலும் ஏறத்தாழ அந்த உயரம். ஏறத்தாழத்தான். அந்த யன்னலுக்கு நீலப் பூச்சு. வாசலின் இடது கதவு இறுகும், மாரியில் தோளால் இடித்துத்தான் திறக்கவேண்டும். அதை மகள் சின்ன வயதிலேயே இடிக்கப் பழகிவிட்டாள். இதெல்லாம் இப்போது அவர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தது. உண்மையான வீடு நின்ற மணலுக்கு அவர் போவதேயில்லை. அது கைதட்டினால் கேட்கும் தூரம். அங்கே போனால் இருக்க ஒரு நிழலும் இல்லை, சாய ஒரு கல்லும் இல்லை. சட்டையைக் கழற்றிக் கொழுவ இங்கே வளையமாவது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சுவரின் செய்தியைத்தான் சொல்வார். முன்னுக்கு விறாந்தை வருகிறது, வெள்ளை அடிக்கப்போகிறார்கள், வேம்பு துளிர்த்துவிட்டது என்பார். அவள் ஓம் அப்பா, ஓம் அப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு இருமல் நின்றதோ, இரவில் என்ன சாப்பிட்டீங்கள், படத்தில் ஏன் இவ்வளவு மெலிவு என்று கேட்பாள். அவர் மறுபடி சுவருக்கு வருவார்.

மாரி தொடங்குமுன் செயலாளர் சோபனா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளிக்கு இன்னும் கொஞ்சம் புள்ளி குறைகிறதாம். கட்டடத்தில் அந்த இடத்தின் வரலாறு தெரியும்படி ஏதாவது வைத்தால் கொழும்பில் அதையும் எடுத்துக்கொள்வார்களாம். ஆகவே அமரர் சிவசுப்பிரமணியத்தின் பெயரில் ஒரு கல்.

விசுவலிங்கத்துக்கு வேர்த்தது. மாட்டாஸ்பத்திரியில் அப்பப்பாவின் பெயர்.

"வேண்டாம் அம்மா," என்றார். "எங்கட குடும்பம் பேர் தேடுற குடும்பம் இல்லை."

செயலாளருக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவர் இருக்கிறாரே என்று சரிபுதீனிடம் சொன்னாராம். கல் இரண்டு மடங்கு பெரிதாயிற்று. மூன்று மொழியிலும் வெட்டினார்கள்.

அந்தக் கிழமையே மகளின் போன் வந்தது. ஞாயிறு அல்லாத ஒரு நாளில். எல்லாக் காகிதமும் சரி, தை மாதம் பிளேனில் கொழும்புக்கு அனுப்புகிறார்கள், புருஷன் அங்கே சாமான்களோடு நிற்பார், நான் முதல் வாறன் என்றாள்.

விசுவலிங்கம் போனை வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் காத்திருந்த சொல் அது. அதன் இனிப்புத் தொண்டையில் இறங்குமுன்னரே மற்ற நினைப்பு வந்துவிட்டது. அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. தூரத்துப் படத்தில் தெரியாதது, நேரில் நின்றால் தெரியாமல் போகுமோ? அப்பா என்னைப் பொய் சொல்லிக் கூப்பிட்டவர் என்று நினைப்பாளே. புருஷன்வீட்டு ஆட்களுக்குச் சொல்வாளே. வந்த காலோடு திரும்பிப் போனாலும் போவாளே.

அடுத்தநாள் விடிய அவர் ஜெயகாந்திடம் போனார். சுவரை இடித்துவிடுங்கள் என்றார்.

ஜெயகாந்த் கையில் இருந்த அளவு ரேப்பைக் கீழே விட்டுவிட்டான். "இத்தனைக்குப் பிறகோ ஐயா? ஏன்?"

"பலம் காணாது. ஆரும் கமக்காரரின்ர தலையில விழுந்தா எங்கட குடும்பத்துக்குத்தானே கெட்ட பேர்."

ஜெயகாந்த் உடனே கிறகரியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகச் சுவரின் பலத்தைச் சோதித்தார்கள். இரும்புப் பாரால் தட்டினார்கள், அத்திவாரத்தைத் தோண்டினார்கள். மன்னார் மாவட்டத்தில் இதைவிடப் பலமான சுவரைத் தான் கண்டதில்லை என்று ஜெயகாந்த் சொன்னான்.

"உங்கட அப்பப்பா, நாம்பன் மாடு முட்டினாலும் அசையாத மாதிரிக் கட்டியிருக்கிறார் ஐயா."

கிறகரி மணலைக் கையால் தட்டிக்கொண்டு, "ஓம், அதைத்தான் யோசிச்சுக் கட்டியிருக்கினம்," என்றார்.

சரிபுதீன் கணக்கைக் காட்டினார். சுவர் போனால் பழசின் புள்ளி போகும், தொட்டியின் புள்ளி போகும், நிலத்தின் புள்ளி போகும், வரலாற்றின் புள்ளி போகும். வெள்ளி போய், வெறும் சான்றிதழும் போய், புதுச் சுவருக்குச் சீமெந்தும் வேண்டிவரும். உங்கள் அப்பப்பாதான் இந்தத் திட்டத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று அவர் விசுவலிங்கத்தின் கையைப் பிடித்தார்.

தை மாதம் வந்தது. கொழும்பிலிருந்து புள்ளி போட ஒரு அம்மா வருகிற நாளும், தர்ஷிகா வருகிற நாளும் ஒரே நாளாகப் போயிற்று. அப்படி யாரும் திட்டமிடவில்லை.

முருங்கன் சந்தியில் பஸ் நின்றது. இறங்கினவள் மகள் என்று அடையாளம் காண அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. காதோரம் நரைத்திருந்தது. பூமணியின் நடை. அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, அவர் சட்டையில் தப்பி மாட்டியிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியான துவாரத்தில் மாட்டினாள். அவர் அழுதார் என்று பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவன் சொல்லித் திரிகிறான். புழுதி.

ஓட்டோவில் வரும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தார். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தார். வாய்க்கால் தாண்டியது. கோயில் வளைவு தெரியும்போது என்று நினைத்தார். வளைவும் போனது. அவள் அவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களில் வெடித்திருந்த தோலைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் மாட்டாஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவது எப்படி?

"முதல்ல அங்க போவம் அப்பா," என்றாள் அவளே.

கமநல நிலையத்து வாசலில் எல்லாரும் நின்றார்கள். செயலாளர், ஜெயகாந்த், சரிபுதீன், கிறகரி, ஊர்ச்சனம், நடுவில் கொழும்பு அம்மா. சோபனா தர்ஷிகாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், இந்தச் சுவரின் படத்தைப் பார்த்துத்தான் இவ அகதி முகாமிலிருந்து வந்தவ என்று கொழும்பு அம்மாவுக்குச் சொன்னார். மாட்டாஸ்பத்திரியை அறிந்த பழைய ஆட்களும் சேர்ந்து சனம் உச்சுக்கொட்டியது. விசுவலிங்கம் வேப்பங்கன்றைப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய இடுப்பளவுதான்.

தர்ஷிகா சுவரைப் பார்த்தாள். சிவசுப்பிரமணியத்தின் பெயர் வெட்டிய கல்லைப் பார்த்தாள். அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

கொழும்பு அம்மா கனிவானவர். தமிழும் பேசுவார். இந்த வளையங்கள் என்ன என்று கேட்டார். குதிரைக் கதையைச் சொல்ல விசுவலிங்கம் வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"இதிலதான் எங்கட அம்மா எனக்குத் தொட்டில் கட்டினவ."

விசுவலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. தொட்டில் கட்டியது உள்ளறைக் கூரை வளையில், மர உத்தரத்தில். நிலம் ஏன் சரிவு என்று அடுத்த கேள்வி வந்தது. அதில்தான் சறுக்கி விளையாடினோம், பள்ளிக்கூடம் விட்டால் ஊர்ப் பிள்ளையள் எல்லாம் இங்கேதான் என்றாள். தொட்டி? கோயில் திருவிழாவுக்கு வாற சனத்துக்கு அப்பாவின் அப்பப்பா தண்ணீர் நிறைத்துவைத்தவராம். சொல்லச் சொல்ல அவளுடைய குரல் உறுதியாக வந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். கொழும்பு அம்மா எழுதிக்கொண்டே போனார். கிறகரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சரிபுதீன் ஜெயகாந்தின் காதில் எத்தனை, எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளி கிடைத்துவிட்டது. மதிப்பீட்டுக்குள். சரிபுதீன் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்.

விசுவலிங்கத்துக்குக் கற்கண்டு இறங்கவில்லை. பிடிபடவில்லை, தப்பிவிட்டார். அதனால் ஒரு சந்தோஷமும் வரவில்லை. பிள்ளைக்கு வீடே மறந்துபோய்விட்டது. முகாமில் இருந்த வருஷங்கள் அந்த நீல யன்னலையும் இறுகின கதவையும் உள்ளறை வளையையும் தின்றுவிட்டன. தகப்பன் காட்டியதை வீடு என்று எடுத்துக்கொண்டாள். இனி அந்த வீட்டை நினைத்துக்கொள்ள இந்த உலகத்தில் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. மகள் வந்துவிட்டாள். ஆனால் யாரைக் காத்துக்கொண்டிருந்தாரோ அவள் வரவில்லை.

சனம் கலைந்தது. அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தார். பாதை எருக்கலை முளைத்த அந்த மணலைச் சுற்றிப் போகும். அவர் பழக்கப்படி சுற்றித்தான் போனார். பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, வெறும் மணலின் நடுவில் போய் நின்றாள்.

விசுவலிங்கம் பையைக் கீழே வைத்தார். இனி மறைத்து வைப்பது அழகில்லை என்று பட்டது. ஆனாலும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஊரின் தலையில் வைத்துத் தொடங்கினார்.

"பிள்ளை, முருங்கன் வரைக்கும் கதையாக் கிடக்குது. நீ அந்தச் சுவரைப் பாத்துத்தான் வந்தனீ எண்டு."

தர்ஷிகா அங்கே இல்லாத ஏதோ ஒன்றை இடது தோளால் மெல்ல இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே ஓர் அடி வைத்தாள்.

"மாட்டாஸ்பத்திரிச் சுவரைப் பாக்க ஆர் அப்பா கடல் கடந்து வருவினம்?"